கண்ணுக்கு இதமான எழுத்துத்திரை



நம் அன்னையர் நம்மைக் கொஞ்சும்போது, "கண்ணே, கண்மணியே" என்றுதான் அழைக்கின்றனர். அருமையான பொருளுக்கெல்லாம் கண்ணை உவமை கூறுவது நம் வழக்கம். அத்தகைய கண்ணை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? புத்தகத்தையும் கரும்பலகையையும் மட்டுமே பார்த்து வந்த மாணவியின் கண், இன்று கணிப்பொறித் திரையையும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டுரை, செயல்திட்டம், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பள்ளி மலர் ஆகிய யாவும் முதலில் திரையில்தான் உருப்பெறுகின்றன.

எழுதும் திரையின் நிறத்தை மாற்றிக் கண்ணுக்கு இதம் தேடுவது எப்படி? அந்த இதத்திற்கு எல்லை எது? இவ்விரண்டுமே இக்கட்டுரையின் பொருள். இதில் படித்தறிந்தது பாதி. நான் பட்டறிந்தது பாதி.

வெற்றுத்தாள் வந்த கதை

சென்ற ஆண்டு மலர்க் குழுவில் தட்டச்சுப் பணி எனக்குக் கிடைத்தது. பள்ளி முடிந்ததும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கணிப்பொறி அறையில் அமர்ந்து, தோழியர் எழுதித் தந்த கதை, கட்டுரை, கவிதைகளைத் தட்டச்சு செய்தேன். ஒரு வாரம் சென்றது. மாலையானால் நெற்றி வலித்தது. எழுத்துக்களின் ஓரத்தில் நிழல் படிந்ததுபோல் தோன்றியது. கண்களைக் கசக்கிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன்.

"வெள்ளைத் திரைதான் உன் கண்ணை எரிக்கிறது. கறுப்பாக மாற்றிக்கொள்ளடி, வலி போய்விடும்" என்றாள் என் தோழி. உடனே பக்கத்தின் நிறத்தைக் கறுப்பாக்கினேன். எழுத்துக்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து வெள்ளையாக்கினேன். இரவு வானத்து விண்மீன்கள்போல் எழுத்துக்கள் மின்னின. எனக்கும் பெருமையாக இருந்தது.

பிழை திருத்துவதற்காகப் பன்னிரண்டு பக்கங்களைப் பிரிண்டரில் அச்சிட்டோம். வந்தவை பன்னிரண்டு வெற்றுத்தாள்கள்! "என்னம்மா, கதையெல்லாம் எங்கே போயின?" என்று ஆசிரியை கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை எல்லாவற்றையும் அச்சகத்தாரிடம் கொடுத்தாக வேண்டும்.

எழுத்துக்கள் எங்கும் போய்விடவில்லை. நான் பயன்படுத்திய மென்பொருள், மையை வீணாக்காதிருப்பதற்காக, பக்கத்தின் பின்னணி நிறத்தை நாம் கேட்டாலொழிய அச்சிடுவதில்லை. எழுத்துக்கு நான் கொடுத்த வெள்ளை நிறம் மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து எப்படித் தெரியும்? ஆசிரியை எல்லா எழுத்துக்களையும் தேர்ந்தெடுத்து, எழுத்து நிறத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினார். பத்து நிமிடத்தில் கதைகள் திரும்பி வந்தன. என் உயிரும் திரும்பி வந்தது.

நிறம் இருவகை

அன்று நான் கற்ற முதற்பாடம் இது. திரையில் காணும் நிறம் இருவகைப்படும். ஒன்று பார்வைக்கான நிறம்; மற்றொன்று ஆவணத்தின் நிறம்.

பார்வைக்கான நிறம் மூக்குக் கண்ணாடி போன்றது. பச்சைக் கண்ணாடி அணிந்தால் ஊரெல்லாம் பச்சையாகத் தெரியும், ஊர் பச்சையாகிவிடாது. ஆவணத்தின் நிறமோ சுவருக்கு அடித்த வண்ணம் போன்றது. அது கோப்போடு ஒட்டிக்கொண்டு போகுமிடமெல்லாம் போகும். கண்ணின் இதத்திற்காக நாம் மாற்ற வேண்டியது முதல் வகையை மட்டுமே.

லிப்ரெ ஆபீஸ் ரைட்டர் என்னும் இலவச மென்பொருளில், டூல்ஸ் பட்டியலில் உள்ள ஆப்ஷன்ஸ் பகுதியில் திரை நிறங்களுக்கென ஓர் இடம் உண்டு. அங்கே ஆவணப் பின்னணிக்கு வேண்டிய நிறத்தைத் தரலாம். எழுத்து நிறம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், பின்னணி இருண்டதும் எழுத்து தானே வெளுக்கும். அச்சிடும்போது கறுப்பாகவே வரும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் புதிய பதிப்புகளில் கறுப்புத் தோற்றத்தைத் தேர்ந்தால் பக்கமும் கறுப்பாகத் தெரியும். அச்சில் வெள்ளைத் தாளே வரும். நான் செய்ததோ பக்கத்திற்கும் எழுத்துக்கும் நேரடியாக வண்ணம் பூசிய வேலை!

பச்சையிலிருந்து வெள்ளைக்கு

திரையின் நிறத்தைப் பற்றிய கவலை நம் காலத்தில் தோன்றியதன்று. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியுடன் விற்ற ஒற்றை நிறத் திரையில், கருமையின்மேல் பச்சை எழுத்துக்கள் ஒளிர்ந்தன. வேறு சில நிறுவனங்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் எழுத்தை விரும்பின. அக்காலத் திரை, உட்புறம் ஒளிரும் பூச்சுடைய கண்ணாடிக் குழாய். எலெக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாக ஓடி அப்பூச்சை ஒளிரச் செய்யும். திரை முழுவதும் வெள்ளையாக இருந்தால், விநாடிக்கு 50 அல்லது 60 முறை அது அணைந்து எரிவது கண்ணை உறுத்தும். ஆகவே மெதுவாக மங்கும் பச்சைப் பூச்சும், கரிய பின்னணியும் பயன்பட்டன.

1989ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்டுபெர்ஃபெக்ட் 5.1, வண்ணத் திரைகளில் நீலப் பின்னணியைக் கொண்டு வந்தது. அதில் பழகியவர்களுக்காக, மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வரை 'நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து' என்னும் வசதி இருந்தது.

தாளைப்போல் வெண்மையான திரை என்னும் எண்ணமும் பழையதே. 1973ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ கணிப்பொறி, வெள்ளையில் கறுப்பு எழுத்தைக் காட்டியது. 1984ஆம் ஆண்டில் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இன்றைய தட்டைத் திரைகள் பழைய குழாய்த் திரைகளைப்போல் வரிவரியாக அணைந்து எரிவதில்லை. ஆதலால் கறுப்புத் திரைக்கு அன்று இருந்த முதற்காரணம் இன்று இல்லை. ஆயினும் அந்த விருப்பம் மட்டும் புதிய உடையில் திரும்பி வந்திருக்கிறது.

கண் எவ்வாறு பார்க்கிறது?

நம் கண்ணின் நடுவே உள்ள பாவை, ஒளி நுழையும் வாயில். வெளிச்சத்தில் அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். வாயில் சுருங்கினால் ஒளிக்கதிர்கள் லென்ஸின் நடுப்பகுதி வழியாகவே செல்லும், பிம்பம் கூர்மையாகும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தொலைவிலுள்ள பேருந்தின் பெயர்ப் பலகை சற்றுத் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். வாயில் விரிந்தால் லென்ஸின் ஓரங்களில் உள்ள குறைகளும் பிம்பத்தில் கலந்து, எழுத்தின் விளிம்பு மங்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. வெள்ளைப் பக்கம் பாவையைச் சுருக்குகிறது. கறுப்புப் பக்கம் விரிக்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இளையோர், முதியோர் ஆகிய இருசாராருமே வெண்பின்னணியில் உள்ள கரிய எழுத்தை நுட்பமாகக் கண்டனர். பிழைதிருத்தும் வேலைக்கும் அதுவே ஏற்றதாக இருந்தது.

அப்படியானால் கறுப்புத் திரை தீயதா? அன்று. கண்புரையால் லென்ஸ் கலங்கியவர்களுள் சிலருக்கு வெள்ளைத் திரை கூசும். கறுப்புத் திரை இதமளிக்கும். இருண்ட அறையிலும் அது கூச்சத்தைக் குறைக்கும். எல்லாருக்கும் ஏற்ற ஒரே நிறம் என்று ஒன்று இல்லை என்பதே முடிவு.

அழகிய நிறமும் தெளிவான நிறமும்

நிறத்தைவிட முக்கியமானது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு வலிமையில் சேர்ந்தால் வெள்ளை தோன்றும். அந்த வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு; சிவப்பின் பங்கு 21; நீலத்தின் பங்கு 7 மட்டுமே. நீலத்தை உணரும் கூம்பு செல்கள் நம் விழித்திரையில் குறைவு. கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியிலோ அவை இல்லவே இல்லை. ஆகவே கருமையின்மேல் சிறிய நீல எழுத்து, காண அழகாயினும் படிக்கக் கடினம்.

இணையப் பக்கங்களுக்கென 2008ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்னும் ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. எழுதும் திரைக்கும் அதை அளவுகோலாகக் கொள்ளலாம். அந்நெறிமுறை தரும் சூத்திரத்தைக் கொண்டு நான் கணக்கிட்டவை இவை:

வெள்ளையில் கறுப்பு — 21க்கு 1
மஞ்சளில் கறுப்பு — 19.6க்கு 1
வெள்ளையில் நீலம் — 8.6க்கு 1
வெள்ளையில் சிவப்பு — 4க்கு 1
கறுப்பில் நீலம் — 2.4க்கு 1
நீலத்தில் சிவப்பு — 2.1க்கு 1
வெள்ளையில் மஞ்சள் — 1.1க்கு 1

நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் அழகிய இணைகள் பல இப்பட்டியலின் அடியில் கிடப்பதைக் காணுங்கள். நீலத்தில் சிவப்பு எழுதினால் இன்னொரு தொல்லையும் உண்டு. கண்ணின் லென்ஸ் இவ்விரு நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. அதனால் எழுத்து மிதப்பதுபோல் தோன்றிக் கண்ணைக் களைப்படையச் செய்யும்.

தமிழ் எழுதும் நமக்கு இது மேலும் பொருந்தும். 'க'வுக்கும் 'க்'குக்கும் வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேறுபாடு ஒரு சுழி. எழுத்தின் விளிம்பு மங்கினால் முதலில் மறைவது இந்தப் புள்ளியும் சுழியுமே. கறுப்புத் திரையில் நான் தட்டச்சு செய்த பக்கங்களில் விடுபட்ட புள்ளிகளை எண்ணியபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

செய்து பாருங்கள்

நம் ஆசிரியை கற்பித்த எளிய சோதனை இது. ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் அருகே பிடியுங்கள். தாள் அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அறை மங்கினால் தாளும் மங்கும். திரையோ தானே ஒளிர்கிறது. அறை இருண்டாலும் பழையபடியே எரிந்துகொண்டிருக்கும். தாளைவிடத் திரை விளக்குப்போல் பளிச்சிட்டால் அதன் பிரகாசத்தைக் குறையுங்கள். தாளைவிடச் சாம்பல் பூத்துத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் நிலையே ஏற்ற நிலை. பலருக்கு நிறத்தை மாற்ற வேண்டிய தேவை இத்துடனே நீங்கிவிடும்.

அப்படியும் கூசினால் பின்னணியைச் சற்றே பழுப்பாக்கலாம். நிறங்களை எண்ணால் குறிக்கும் இடத்தில், பின்னணிக்குச் சிவப்பு 255, பச்சை 250, நீலம் 230 என்றும், எழுத்துக்கு மூன்றும் 34 என்றும் கொடுத்துப் பாருங்கள். பழைய புத்தகத்தின் தாள் போன்ற இளமஞ்சளில் கருஞ்சாம்பல் எழுத்துத் தோன்றும். ஒளி வேறுபாடு 15க்கு 1 இருப்பதால் தெளிவு கெடாது.

திரையின் பின்புறம் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் கண்ணில் விழும். நம் முதுகின் பின்னே ஜன்னல் இருந்தால் அது திரையில் பிரதிபலிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு அமர்வதே நல்லது. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் முகத்தைத் திரையருகே கொண்டு செல்லாமல், 'ஜூம்' வசதியால் பக்கத்தைப் பெரிதாக்குங்கள். இதுவும் பார்வைக்கான மாற்றமே. அச்சில் எழுத்தின் அளவு மாறாது.

நிறத்தால் ஆகாதவை

நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் தீராத களைப்பும் உண்டு. நாம் இயல்பாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது அது பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. இமை மூடாததால் கண்ணீர்ப் படலம் உலர்கிறது, எரிச்சல் தோன்றுகிறது. கண் மருத்துவர்கள் கூறும் எளிய விதி 20-20-20 என்பதாகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை, 20 விநாடி பார்த்தல் வேண்டும். கணிப்பொறி அறையின் ஜன்னல் வழியாக நம் மைதானத்து வேப்பமரத்தைப் பார்த்தால் போதும், செலவில்லாத மருந்து!

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கித் தருமாறு பெற்றோரை வற்புறுத்தும் தோழியருக்கு ஒரு செய்தி. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை அக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடக் கூடுதலாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது.

இனி என் கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். வெற்றுத்தாள் நிகழ்ச்சிக்குப் பின்னும் நான் கறுப்புத் திரையை விடவில்லை. முறையாக அமைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் இப்போது ஒவ்வொரு வெள்ளை எழுத்தும் வால் முளைத்ததுபோல் இழுபட்டுத் தெரிந்தது. இளமஞ்சளுக்கு மாறினேன், பின்பு இளம்பச்சைக்கு மாறினேன். ஆசிரியை கேட்டபோது, "ஒன்றுமில்லை டீச்சர், நிறம் பிடிக்கவில்லை" என்றேன்.

உண்மை அதுவன்று. எனக்குப் பார்வையில் குறை இருக்குமோ என்னும் ஐயம் எனக்கே இருந்தது. ஆனால், "பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பாட்டி என் அத்தை மகளிடம் கூறியது என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நான் கண்ணுக்கு இதம் தேடவில்லை, தோழியரே. கண்ணின் குறையை மறைக்க நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை என் அம்மாவை அழைத்துப் பேசினார். அம்மா என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சூரியக் கதிர்கள்போல் கோடுகள் வரைந்த அட்டையை மருத்துவர் காட்டினார். எனக்குச் சில கோடுகள் கறுப்பாகவும், சில கோடுகள் கலைந்தும் தெரிந்தன. எல்லாக் கோடுகளும் ஒரே கறுப்புத்தான் என்று அவர் கூறியபோது நான் நம்பவில்லை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பார்வைச் சிதறல் என்னும் குறை என் கண்ணிலேயே இருந்தது! கண்ணின் முன்பகுதியான கார்னியாவின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாவிட்டால், ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் இழுபடும். உருளை லென்ஸ் இதனைச் சரிசெய்யும். கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்பது இதுவே. பாவை விரியும் கறுப்புத் திரையில் என் எழுத்துக்கள் மேலும் கலைந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

கண்ணாடி அணிந்து முதன்முதலாகத் திரையைப் பார்த்த நாளை என்னால் மறக்க முடியாது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, ஒவ்வொரு மெய்யின் தலையிலும் ஒரு புள்ளி, தனித்தனியாக, திருத்தமாக! பாட்டி இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "இந்த எழுத்தைக் கொஞ்சம் படித்துச் சொல்லம்மா" என்று தம் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். இப்போது அவரையும் கண்புரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல நாள் குறித்திருக்கிறோம்.

எனவே தோழியரே, திரையை உங்கள் அறைக்கு ஏற்ப அமையுங்கள். நிறத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். பார்வைக்கான நிறத்தை மாற்றுங்கள், ஆவணத்தை விட்டுவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஓரிரு வாரத்தில் தலைவலியோ மங்கலோ நீங்கவில்லையென்றால், அடுத்த நிறத்தைத் தேடாதீர்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் செய்து பயன் என்ன? மூக்கின்மேல் அமரும் கண்ணாடியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தெரிவதாக நடிப்பதுதான் வெட்கம்.

இந்த ஆண்டு மலரின் பக்கங்களையும் நானே தட்டச்சு செய்தேன். புள்ளி எங்கேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்; இம்முறை குற்றம் திரையினுடையதன்று, என்னுடையதே!

— மலர்க் குழு மாணவி, பதினோராம் வகுப்பு